பனிப்போர் கால வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் பனிப்போர் காலத்தில் வந்து நின்றுவிடுகிறது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அலைவரிசைகளில் மோதிக்கொண்ட கதைக்கு அப்படி ஓர் ஈர்ப்பு. கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன, ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நேரடிச் சண்டையே இல்லையே, அப்புறம் எதற்குப் "போர்"? அதில் ரேடியோவுக்கு என்ன வேலை?

1949-இல் சோவியத் யூனியனும் அணுகுண்டை வெடித்துக் காட்டிய பிறகு இரண்டு வல்லரசுகளுக்கும் நேரடியாக மோதப் பயம் வந்துவிட்டது. ஆனால் எதிரியைப் பலவீனப்படுத்தவும் வேண்டும். அதற்கு ஒரு வழி, எதிரி நாட்டு மக்களுக்குத் தங்கள் அரசின் மேல் இருக்கும் நம்பிக்கையை அரிப்பது. உளவியல் போர் என்பது இதுதான். புத்தகம், பத்திரிகை என்றால் எல்லையிலேயே பிடுங்கிவிடுவார்கள். வானொலி அலையைச் சுங்கச்சாவடியில் நிறுத்திச் சோதனை போட முடியாது.

இதைப் பனிப்போரில்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மாஸ்கோ வானொலி 1929-லேயே ஜெர்மன் மொழியில் வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1942-இல், நாஜிகளுக்கு எதிராக, அதுவும் ஜெர்மன் மொழியில்தான் ஆரம்பித்தது. ரஷ்ய மொழிக்கு அது வந்தது 1947 பிப்ரவரியில்.

2. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ யூரோப், ரேடியோ லிபர்ட்டி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்பது அமெரிக்க அரசின் பகிரங்கமான குரல். அமெரிக்கா எப்படிப்பட்ட நாடு, அதன் நிலைப்பாடு என்ன என்பதைச் சொல்வது அதன் வேலை. மற்ற இரண்டும் வேறு ரகம். கேட்பவரின் சொந்த நாட்டைப் பற்றியே, அவர் மொழியிலேயே, அங்கிருந்து தப்பி வந்தவர்களை வைத்துப் பேசின. போலந்துக்காரருக்கு வார்சாவில் என்ன நடக்கிறது என்று, நிலையம் இருந்த மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து சொன்னார்கள். உள்ளூர் வானொலி சுதந்திரமாக இருந்தால் என்ன சொல்லியிருக்குமோ அதைச் சொல்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

ஃப்ரீ யூரோப் 1950 ஜூலை 4 அன்று, லாரிகளில் பொருத்திய 7.5 கிலோவாட் ஒலிபரப்பியிலிருந்து செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பேசத் தொடங்கியது. போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகியவையும் அதன் பங்கு. சோவியத் மக்களுக்கென்று 1953 மார்ச் 1 அன்று தொடங்கியது ரேடியோ லிபரேஷன். நான்கு நாள் கழித்து ஸ்டாலின் இறந்துபோனார். தற்செயல்தான், ஆனால் ஒரு புது நிலையத்துக்கு இதைவிடப் பெரிய முதல் செய்தி கிடைக்காது. 1959-இல் அதன் பெயர் ரேடியோ லிபர்ட்டி ஆனது. 1976-இல் இரண்டையும் ஒரே நிறுவனமாக இணைத்தார்கள்.

3. மியூனிக்கில் பேசினால் மாஸ்கோவில் எப்படிக் கேட்கும்? நம்ம எஃப்.எம். பக்கத்து மாவட்டத்துக்கே போகாதே?

எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவில் தொலைந்துவிடும். சிற்றலை, அதாவது சுமார் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை, மேலே போய் அயனி மண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கில், பட்டுத் திரும்பித் தரைக்கு வரும். அப்படி ஒரு தாவலில் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். பகலில் உயர்ந்த அலைவரிசைகளும் இரவில் தாழ்ந்தவையும் நன்றாக எடுக்கும், ஏனென்றால் அந்த மண்டலத்துக்கு மின்னூட்டம் ஏற்றி வைப்பது சூரியன். இந்தச் சூரிய விவகாரத்தை நினைவில் வையுங்கள், 5-ஆம் பதிலில் தேவைப்படும்.

4. ஜாமிங் என்றால் சிக்னலை வெட்டிவிடுவதா?

வெட்டவெல்லாம் முடியாது. அதே அலைவரிசையில் அதைவிட உரக்கச் சத்தம் போடுவதுதான் ஜாமிங். சோவியத் யூனியன் 1948-இல் இதைத் தொடங்கியது. விமான எஞ்சின் உறுமுவது போன்ற இரைச்சல், ஏறி இறங்கும் ஊளை, சில சமயம் குரல்களைக் குழப்பிக் கலந்த ஒலி என்று பல வகை. கேட்டவர்கள் ஞாபகத்தில் நிற்பது பெரும்பாலும் அந்த ரம்பச் சத்தம்தான். உள்ளே எங்கோ ஒரு மனிதக் குரல் பேசிக்கொண்டிருக்கும், மேலே இது அறுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு பெரிய நகரத்திலும் வைத்த உள்ளூர் ஜாமர். இது அந்த ஊரை மட்டும் மூடும். இன்னொன்று, தொலைதூரத்தில் வைத்து, இரைச்சலையும் அயனி மண்டலத்தில் மோதவிட்டுப் பரந்த பகுதியில் விழவைக்கும் பெரிய நிலையங்கள். ஒலிபரப்புவதற்கு மேற்கு செலவழித்ததைவிடத் தடுப்பதற்கு சோவியத் செலவழித்ததுதான் அதிகம் என்பது பொதுவான கணிப்பு. ஒரு மணி நேரப் பேச்சை ஒரே இடத்திலிருந்து அனுப்பிவிடலாம். அதை மூடவோ நாடு முழுக்க ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

5. அவ்வளவு தடுத்தும் எப்படித்தான் கேட்டார்கள்?

முதல் வழி, ஊரைவிட்டு வெளியே போவது. உள்ளூர் ஜாமர் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அதனால் மாஸ்கோ அடுக்குமாடியில் ஒன்றும் கேட்காதவர், வார விடுமுறையில் புறநகர்த் தோட்டவீட்டுக்கு டிரான்சிஸ்டரை எடுத்துப்போனால் ஓரளவு தெளிவாகக் கேட்டார்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. தொலைதூர ஜாமர்களைப் பெரும்பாலும் கிழக்கே வைத்திருந்தார்கள். கிழக்கில் முதலில் பொழுது சாயும். சூரியன் போனதும் அங்கே அயனி மண்டலம் வலுவிழக்க, உயர்ந்த அலைவரிசையில் வரும் இரைச்சல் திருப்பி அனுப்பப்படாமல் விண்வெளிக்குப் போய்விடும். மேற்கே இன்னும் வெளிச்சம் இருப்பதால் மியூனிக் சிக்னல் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தி நேரத்தில் இப்படி ஒரு ஜன்னல் தினமும் திறந்தது. பொறியாளர்கள் முக்கிய நிகழ்ச்சிகளை அந்த நேரம் பார்த்து வைத்தார்கள்.

மூன்றாவது, ரேடியோவையே மாற்றுவது. சோவியத் கடைகளில் விற்ற பெட்டிகளில் சிற்றலை 25 மீட்டர் பட்டையோடு நின்றுவிடும். அதைவிட உயர்ந்த அலைவரிசைகளான 19, 16, 13 மீட்டர் பட்டைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பகலில் வெளிநாட்டு நிலையங்கள் நன்றாக எடுப்பது அங்கேதான். ரீகாவில் தயாரான ஸ்பிடோலா டிரான்சிஸ்டர் கையில் இருந்தால், கம்பிச்சுருள் (காயில்) சுற்றத் தெரிந்த நண்பர் ஒருவர் அந்தப் பட்டைகளைச் சேர்த்துக் கொடுப்பார். இது பெரிய ரகசியத் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, பள்ளியில் ரேடியோ குழுவில் இருந்த பையனுக்கே வரும் வேலை.

6. ஃப்ரீ யூரோப்புக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது என்கிறார்களே, வதந்தியா?

உண்மை. வெளியே பார்க்கத் தனியார் அமைப்பு. "சுதந்திரத்துக்கான அறப்போர்" என்று ஓர் இயக்கம் நடத்தி, அமெரிக்கப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன் அதற்கு விளம்பரப் படத்தில் பேசியிருக்கிறார். ஆனால் செலவின் பெரும்பகுதி அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வழியாக வந்தது, அந்த வசூல் பெரும்பாலும் திரைதான். 1967-இல் பத்திரிகைகளில் கசிந்து, 1971-இல் செனட்டர் கிளிஃபோர்ட் கேஸ் வெளிப்படையாக எழுப்பியதும், நாடாளுமன்றம் நேரடியாகப் பணம் ஒதுக்கும் முறைக்கு மாற்றினார்கள்.

என்னைக் கேட்டால், கிழக்கு ஐரோப்பிய மக்களை உண்மை சொல்லி மீட்கிறோம் என்ற நிலையம் சொந்த நாட்டு மக்களிடம் இருபது வருடம் பொய் சொல்லி உண்டியல் குலுக்கியது. அதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

7. அப்போ அவர்கள் சொன்னதெல்லாம் பொய்ப் பிரசாரம்தானே?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சொன்னது உண்மையா என்பதும் தனித்தனிக் கேள்விகள். எதிரியை மிகவும் வலிக்கச் செய்தவை பெரும்பாலும் உண்மைத் தகவல்கள்தான்.

யூசெஃப் ஷ்வியாட்லோ என்ற போலந்து ரகசியப் போலீஸ் அதிகாரி 1953 டிசம்பரில் பெர்லினில் அமெரிக்கர்களிடம் ஓடிவந்தார். கட்சித் தலைவர்கள் மீதே கோப்பு வைத்திருந்த துறையில் உயர்பதவியில் இருந்தவர். அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்திலிருந்து ஃப்ரீ யூரோப் அவர் குரலிலேயே வரிசையாக ஒலிபரப்பியது: யாரைச் சித்திரவதை செய்தார்கள், எந்தத் தலைவர் எவ்வளவு ஆடம்பரமாக வாழ்கிறார், யார் யாரை வேவு பார்க்கிறார்கள் என்று பெயர் சொல்லி. கட்சிக்காரர்களே காதை வைத்துக் கேட்டார்கள். தங்கள் பெயரும் வருகிறதா என்று தெரிய வேண்டுமே. அந்த ஆண்டு டிசம்பரிலேயே போலந்தின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் கலைக்கப்பட்டது. ஷ்வியாட்லோவும் சுத்தமான ஆள் இல்லை, அவரே பலரைக் கைது செய்து விசாரித்தவர். அதைப் பற்றி நிலையம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

இதே போல 1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மூடிய அரங்கில் ஸ்டாலினின் குற்றங்களைப் பட்டியலிட்ட உரை. அது ஜூனில் அமெரிக்காவில் வெளியானதும் இந்த நிலையங்கள் திரும்பத் திரும்பப் படித்தன. எதையும் இட்டுக்கட்ட வேண்டிய தேவையே வரவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது, எதை விடுவது, எத்தனை தரம் சொல்வது என்பதில்தான் பிரசாரம் இருந்தது.

8. ஹங்கேரியில் மக்களைத் தூண்டிவிட்டுக் கைவிட்டார்கள் என்பது சரியா?

முழுதாகச் சரி என்று சொல்ல முடியாது, தப்பு என்றும் தள்ள முடியாது. 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் எழுச்சி வெடித்தது. அதை வானொலி உண்டாக்கவில்லை, காரணங்கள் ஊரிலேயே நிறைய இருந்தன. ஆனால் வெடித்த பிறகு மியூனிக்கின் ஹங்கேரியப் பிரிவு நிதானம் இழந்தது. தப்பி வந்தவர்கள் பலர், பன்னிரண்டு வருட ஆத்திரம் தொண்டையில் இருந்தது. சீர்திருத்தக்காரரான பிரதமர் இம்ரே நாஜையே துரோகி போலச் சித்திரித்தார்கள். "கர்னல் பெல்" என்ற பெயரில் வந்த நிகழ்ச்சி டாங்கிகளை எப்படி எதிர்ப்பது, கெரில்லா முறையில் எப்படிச் சண்டை போடுவது என்கிற அளவுக்கு யோசனை சொன்னது.

நவம்பர் 4 அன்று சோவியத் படை பெரும்பலத்தோடு திரும்பி வந்தது. அன்றைய பத்திரிகைத் தொகுப்பில், ஹங்கேரியர்கள் இன்னும் சில நாள் தாக்குப்பிடித்தால் அமெரிக்கா உதவிக்கு வருவதற்கான அழுத்தம் கூடும் என்ற ஒரு லண்டன் பத்திரிகைக் கருத்தை எடுத்துப் படித்தார்கள். உதவி வருகிறது என்று அமெரிக்கா ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தெருவில் துப்பாக்கியோடு நின்றவன் காதில் அது வாக்குறுதியாகத்தான் விழுந்தது. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள், இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள்.

அந்த டிசம்பரிலேயே நிலையத்துக்குள் நடந்த மறுஆய்வு, சில நிகழ்ச்சிகள் கொள்கையை மீறின என்று ஒப்புக்கொண்டது. அப்புறம் கட்டுப்பாடுகள் இறுகின. 1968-இல் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக்குக்குள் சோவியத் டாங்கிகள் வந்தபோது இதே நிலையம் எவ்வளவு அடக்கி வாசித்தது என்று பார்த்தால் பாடம் கற்றது தெரியும். 7-ஆம் பதிலில் சொன்ன உண்மைத் தகவலின் பலத்தை வைத்துப் பார்த்தால், இந்த வரலாற்றிலேயே அதிகச் சேதம் செய்தது ஒரு பொய் அல்லவே, கொடுக்க முடியாத நம்பிக்கை.

9. சோவியத் பக்கம் கையைக் கட்டிக்கொண்டா இருந்தது?

மாஸ்கோ வானொலி உலகின் மிகப் பெரிய வெளிநாட்டு ஒலிபரப்புகளில் ஒன்று, பல டஜன் மொழிகள். ஆனால் கேட்கச் சலிப்பாக இருக்கும் என்று அதன் அனுதாபிகளே சொல்வார்கள். அறுவடை, அணைக்கட்டு, தலைவர் உரை. விதிவிலக்கு ஜோ அடமோவ் ஆங்கிலத்தில் நடத்திய நேயர் கடிதப் பகுதி. சிடுசிடுப்பான கேள்விகளையும் எடுத்துக்கொண்டு சிரித்தபடியே பதில் சொல்வார். மாஸ்கோ வானொலியைத் தடுக்க வேண்டிய அவசியம் அமெரிக்காவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அங்கே சிற்றலை கேட்பவர்களே குறைவு.

1983 மே மாதம் ஒரு சம்பவம். விளாதிமிர் டான்செவ் என்ற ஆங்கில அறிவிப்பாளர், ஆப்கானிஸ்தானில் இருக்கும் சோவியத் படையை நேரலையில் "ஆக்கிரமிப்பாளர்கள்" என்றே வாசித்தார். ஒரு தடவை அல்ல, பல செய்தியறிக்கைகளில். மேற்கத்திய கண்காணிப்பாளர்கள் முதலில் கவனித்து வெளியே சொன்ன பிறகுதான் மாஸ்கோவில் விழித்துக்கொண்டார்கள். அவரைத் தாஷ்கண்டில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சொந்த ஒலிபரப்பைச் சொந்த அதிகாரிகளே கேட்பதில்லை என்பது இதில் எனக்குக் கிடைத்த கூடுதல் தகவல்!

10. "கறுப்பு" வானொலி என்று படித்தேன். அது என்ன?

தான் யார் என்பதிலேயே பொய் சொல்லும் நிலையம். பேசுவது அ, பேசுவதாகச் சொல்வது ஆ. கிழக்கு ஜெர்மனி 1960 முதல் 1972 வரை "ஜெர்மன் சிப்பாய் வானொலி 935" என்று ஒன்றை நடத்தியது. மேற்கு ஜெர்மன் முகாம்களுக்குள்ளிருந்தே யாரோ பேசுவது போல, நல்ல பாட்டு, அதிகாரிகளைப் பற்றிய கிசுகிசு, நடுநடுவே அரசியல்.

அமெரிக்கா இதில் கொஞ்சமும் சளைத்ததில்லை. 1954-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் அதிபர் ஆர்பென்ஸின் அரசைக் கவிழ்க்க சி.ஐ.ஏ. "விடுதலையின் குரல்" என்ற நிலையத்தை உருவாக்கியது. நாட்டுக் காட்டுக்குள்ளிருந்து புரட்சிப்படை பேசுவதாக அறிவிப்பு, ஒலிநாடாக்கள் பதிவானதோ மயாமியில். எல்லை தாண்டி வந்த படை சில நூறு பேர்தான். வானொலியில் கேட்டவர்களுக்கு அது பெரும்படையாகத் தெரிந்தது, ராணுவ அதிகாரிகள் கலங்கினார்கள், ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார். அதே உத்தியை 1961-இல் கியூபாவுக்கு எதிராகக் கரீபியன் கடலின் ஸ்வான் தீவிலிருந்து முயன்றார்கள். "மீன் சீக்கிரம் எழும்பும்" என்ற பாணியில் மர்ம வாசகங்களை வாசித்தார்கள். சி.ஐ.ஏ. அனுப்பிய படை கரையிறங்கித் தோற்ற பன்றிகள் விரிகுடாவில் எதுவும் எழும்பவில்லை.

11. ரேடியோவில் பேசியதற்காகக் கொலையெல்லாம் நடந்ததா?

நடந்தது. பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ், ஃப்ரீ யூரோப்பிலும் பி.பி.சி.யிலும் தன் நாட்டுத் தலைவரைப் பற்றிப் பேசிவந்தவர். 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தொடையில் சுருக்கென்று குத்தியது, திரும்பிப் பார்த்தால் ஒருவன் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நாளில் இறந்தார். குண்டூசித் தலை அளவு உலோக உருண்டை உடலில் கிடைத்தது, விஷம் ரைசின் என்பது நிபுணர்களின் முடிவு.

மியூனிக் அலுவலகத்தில் 1959-இல் உணவகத்து உப்புக் குடுவைகளில் அட்ரோபின் என்ற நஞ்சைக் கலக்க செக்கோஸ்லோவாக்கிய உளவுத்துறை போட்ட திட்டம் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. 1981 பிப்ரவரியில் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தது, ருமேனியாவுக்காகப் பயங்கரவாதி கார்லோஸின் கும்பல் செய்தது. உள்ளேயே உளவாளிகளும் இருந்தார்கள். ரேடியோ லிபர்ட்டியில் ரஷ்யப் பிரிவில் உயர்ந்த பொறுப்பு வரை போன ஒலெக் துமானோவ் 1986-இல் மாஸ்கோவுக்குத் திரும்பிப் போய்ப் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார், அவர் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் ஆள்.

12. ஜாஸ் இசை கேட்டே கம்யூனிசம் ஆட்டம் கண்டது என்கிறார்கள். கொஞ்சம் ஓவராக இல்லை?

ஓவர்தான். ஆனால் வில்லிஸ் கானவர் என்ற மனிதரை விட்டுவிட முடியாது. 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். அரசியலே பேசமாட்டார். கனத்த குரல், நிதானமான ஆங்கிலம், பிறமொழிக்காரர்களுக்கும் புரியும் வேகம். ஆங்கில ஒலிபரப்பை சோவியத் பெரும்பாலும் தடுக்கவில்லை என்பதால் தெளிவாகவும் கேட்டது. கிழக்கு ஐரோப்பாவில் அவருக்கிருந்த பெயர் அமெரிக்காவில் இல்லை, அந்த ஒலிபரப்பு அமெரிக்கர்களுக்கானதே இல்லை என்பதால் சொந்த ஊரில் அவரைப் பலருக்குத் தெரியாது.

13. நம்ம பக்கத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டா?

உண்டு, நினைப்பதைவிட அதிகம். மாஸ்கோ தமிழில் ஒலிபரப்பியது, சீனாவின் பீகிங் வானொலி 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. கடிதம் எழுதினால் வண்ண அட்டையும் நாட்காட்டியும் வீட்டுக்கு வரும். தமிழ் நேயர்களில் பலர் இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் எழுதி, அட்டையைச் சேர்த்துக்கொண்டு, யார் சொன்னதையும் பெரிதாக நம்பவில்லை.

சீனப் போருக்குப் பின் 1963-இல், கல்கத்தாவில் 1,000 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி ஒன்றை அமெரிக்கா தரும், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று இந்தியா ஒப்பந்தம் போட்டது. அணிசேராக் கொள்கை என்ன ஆயிற்று என்று எதிர்ப்பு கிளம்பவே நேரு பின்வாங்கினார். இலங்கையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு, ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் அஞ்சல் நிலைய வசதி இருந்தது. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் ராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஷரத்தே இருக்கிறது. இனப்பிரச்சினை ஒப்பந்தத்துக்குள் இது எங்கே வந்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று வானொலி அல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவ ஆய்வகம் உருவாக்கியது என்ற கே.ஜி.பி. கட்டுக்கதை முதலில் அச்சேறியது 1983-இல் டெல்லியின் பேட்ரியட் நாளிதழில், பெயரில்லாத ஒரு கடிதமாக. பிறகு சோவியத் பத்திரிகை அதை 'இந்தியப் பத்திரிகைச் செய்தி' என்று மேற்கோள் காட்டி உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

14. எதிரி நாட்டில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எப்படிக் கணக்கெடுத்தார்கள்?

உள்ளே போய்க் கேட்க முடியாது. அதனால் மேற்கே வந்த பயணிகள், மாலுமிகள், குடியேறியவர்களிடம் பேச்சுக்கொடுத்து விசாரித்தார்கள். வெளியே வர முடிந்தவர்கள் எல்லாரையும் பிரதிநிதித்துவப்படுத்த மாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் இந்த விஷயத்தில் துல்லியமான எண்ணோடு யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

15. ஜாமிங் எப்போது நின்றது? அதுதான் சோவியத் உடையக் காரணமா?

அது அரசியல் வெப்பநிலையைப் பொறுத்து நின்று நின்று வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை 1963-இல் விட்டார்கள், 1968-இல் செக்கோஸ்லோவாக்கியா விவகாரத்தோடு மறுபடி மூடினார்கள். 1973-இல் விட்டு, 1980-இல் போலந்தில் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் எழுந்ததும் மூடினார்கள். 1987-இல் பி.பி.சி.யையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும், 1988 நவம்பர் கடைசியில் ரேடியோ லிபர்ட்டியையும் கோர்பசேவ் அரசு விட்டுவிட்டது.

உடைந்ததற்குப் பொருளாதாரம், ஆப்கானிஸ்தான், தேசிய இனங்கள் என்று காரணங்கள் நிறைய. வானொலியை முதல் காரணமாக வைப்பவர்களில் அங்கே சம்பளம் வாங்கியவர்கள் அதிகம். ஆனால் 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்தபோது சொந்த அரசு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை, திறந்தும் சில வரிதான். காற்று எந்தப் பக்கம் போகிறது, பிள்ளைகளை வெளியே விடலாமா என்பதை மக்கள் வெளிநாட்டு நிலையங்களில்தான் தேடினார்கள். 1991 ஆகஸ்ட் கவிழ்ப்பு முயற்சியில் கிரிமியாவில் வீட்டுக்காவலில் இருந்த கோர்பசேவே பி.பி.சி., லிபர்ட்டி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கேட்டுத்தான் நிலவரம் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். ஒரு காலத்தில் அவருடைய கட்சியே இரைச்சல் போட்டு மூடிய நிலையங்கள்.

16. அந்த நிலையங்களெல்லாம் இப்போது இருக்கின்றனவா?

ஃப்ரீ யூரோப்பும் லிபர்ட்டியும் 1995-இல் மியூனிக்கிலிருந்து பிராக்குக்கு மாறின, அதுவும் பழைய கம்யூனிஸ்ட் காலத்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கே. ரஷ்யா 2024-இல் அதை "விரும்பத்தகாத அமைப்பு" என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஊழியர்களை விடுப்பில் அனுப்பியது, ஃப்ரீ யூரோப்/லிபர்ட்டிக்கும் நிதியை வெட்டப்பார்த்தது. வழக்குகள் தொடர்ந்தன. மாஸ்கோ வானொலி 1993-இல் "வாய்ஸ் ஆஃப் ரஷ்யா" ஆகி, 2014-இல் ஸ்புட்னிக்குக்குள் கரைந்தது.

சிற்றலை பெருமளவு சுருங்கிவிட்டாலும் செத்துப்போகவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், மார்ச்சில் பி.பி.சி. அந்தப் பகுதிக்கு இரண்டு சிற்றலை அலைவரிசைகளைத் தினம் நான்கு மணி நேரம் திறந்தது. இணையத்தை ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம். சிற்றலையை மூட 4-ஆம் பதிலில் சொன்ன அத்தனை செலவும் இன்னும் செய்தாக வேண்டும்.